நல்ல ஸ்பிரிட் வந்த நாள்

நேற்று ரத்தம் எடுக்க வந்த பெண் என் முழங்கை மடிப்பில் ஸ்பிரிட் பஞ்சை வைத்துத் தேய்த்தாள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. "ஊசின்னா பயமா பாட்டி?" என்று கேட்டாள். ஊசியாவது, பயமாவது! ஆயுசு முழுக்க அடுத்தவர் சீழையும் சளியையும் தொட்டுப் பிழைத்தவள் நான். அந்த வாடைதான் எனக்கு ஆகவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஊசி ஏறியதா இறங்கியதா என்றுகூடத் தெரியவில்லை, அதற்குள் உன் நினைப்பு வந்துவிட்டது.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. திண்டிவனத்துக் கல்லறைத் தோட்டத்தில் உன்மேல் மண் போட்டுவிட்டு வந்த எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பங்குச் சாமியார் உன்னைப் பற்றிப் பேசும்போது பொறுமைசாலி, சாது, அதிர்ந்து பேசாதவர் என்றெல்லாம் அடுக்கினார். நீயா சாது? அந்த மனுஷர் உன்னை ஒரே ஒரு நாள் விழுப்புரத்து லேபில் பார்த்திருக்க வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நாம் இருவரும் டெக்னீஷியனாக இருந்த அந்த ஆஸ்பத்திரியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் கை நாறும். பிணவறைக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் நம் லேப். ஒரு ஜன்னல் வழியாகப் பிண வாடை, மறு ஜன்னல் வழியாக நோயாளிகளுக்குக் கொதிக்கும் சாம்பார். இரண்டும் கலந்து மூக்கில் ஏறும். மேசைமேல் சளி டப்பா, மூடி பொருந்தாத மலப் புட்டி, சீழ் தோய்ந்த பஞ்சுக் குச்சி, எல்லாவற்றின் மேலும் ஈ. நீ திண்டிவனத்திலிருந்து காலைப் பாசஞ்சரில் வந்து இறங்கி, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "இன்னாடி, இன்னைக்கு எவன் எச்சி நமக்குப் பந்தி?" என்பாய். நான் வாந்தி எடுக்காத குறை. நீ சாவகாசமாக வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரித்து வாயில் போட்டுக்கொள்வாய்.

உனக்கும் ஒன்று குமட்டும். அது ஸ்டோர்காரர். மதுவிலக்குக் காலம் அது. வெளியே சாராயத்தோடு பிடிபட்டால் உள்ளே தள்ளிவிடுவார்கள். அந்த மனுஷனுக்கு எதற்கு வெளியே? ஸ்டோர் சாவி அவர் இடுப்பில் இருந்தது. லேபுக்கு வரும் ஸ்பிரிட் டின்னில் பாதியைக் குடித்துவிட்டு, மீதிக்குத் தண்ணீர் ஊற்றி நமக்கு அனுப்புவார். டின் வற்றிய நாட்களில் வார்டில் தெர்மாமீட்டர் ஊறப்போட்டிருக்கும் கிளாஸையும் விடமாட்டார். எவன் அக்குளில் இருந்ததோ, எந்தக் குழந்தையின் ஆசனவாயில் வைத்து எடுத்ததோ, அதையெல்லாம் முக்கி வைத்த ஸ்பிரிட்டில் எலுமிச்சம்பழம் பிழிந்து குடிப்பார். ஒருமுறை நாம் கண்ணால் பார்த்தோம். "தூ! மனுச ஜென்மமா இது!" என்று நீ வாசற்படியிலேயே காறித் துப்பினாய். பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னோம். "அவரு பழைய ஆளும்மா. அட்ஜஸ்ட் பண்ணிக்கினு போங்க" என்றார். நாமும் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டோம்.

எப்படி என்று இப்போது யாரிடமாவது சொன்னால் நம்பமாட்டார்கள். ஸ்லைடில் சீழைத் தடவிக் காயவைத்து முதலில் ஊதாச் சாயம், அதன்மேல் அயோடின், அப்புறம் ஸ்பிரிட் விட்டுக் கழுவுவது. ஸ்பிரிட்டுக்கு மசியாமல் ஊதாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கிருமிகள் கிராம் பாசிட்டிவ். ஊதாவைக் கைவிட்டு, கடைசியில் ஊற்றும் சிவப்பைப் பூசிக்கொள்பவை மற்ற வகை. எல்லாம் அந்தக் கழுவலில்தான் இருக்கிறது. குறைந்தால் எல்லாமே ஊதாவாகத் தெரியும், கூடினால் எல்லாமே சிவப்பாகத் தெரியும். நல்ல ஸ்பிரிட் என்றால் விட்டதும் எடுத்துவிட வேண்டும். நமக்கு வந்ததோ பாதி தண்ணீர். அதனால் ஸ்பிரிட்டை விட்டதும் நீ மங்கள வார்த்தை செபத்தை ஆரம்பிப்பாய். முழுசும் சொல்லி ஆமென் வந்த பிறகுதான் ஸ்லைடைத் தண்ணீரில் காட்டுவாய். நீ சொல்லிச் சொல்லி எனக்கும் மனப்பாடமாகிவிட்டது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீட்டில் பிறந்த நான், குழாயடியில் நின்று மாதாவை வேண்டிக்கொண்டிருப்பேன். "சொல்லுடி, உனக்கும் சேத்துத்தான் அவங்க கேட்டுக்கினு இருக்காங்க" என்பாய்.

அந்தச் சமயத்தில்தான் கெடார் கிராமத்திலிருந்து வந்து பிரசவமான பெண்ணின் குழந்தைக்குக் கண் இரண்டும் ஒட்டிக்கொண்டு சீழ் வடிந்தது. பஞ்சுக் குச்சி லேபுக்கு வந்தது. ஸ்லைடை நீதான் போட்டாய். சீழுக்கு நடுவே உருண்டைக் கிருமிகள், ஜோடி ஜோடியாக, சிவப்பாக. பச்சைக் குழந்தையின் கண்ணில் சிவப்பு ஜோடி என்றால் அன்றைக்கு நமக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான், வெட்டை. ஆணும் பெண்ணும் படுக்கையில் வாங்கிக்கொள்கிற சீக்கு. பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளையின் கண்ணுக்கு வருவது. பார்த்ததை அப்படியே எழுதிக் கொடுத்தாய்.

பெரிய டாக்டர் அதை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனார். பார்க்க வந்த சனம் அத்தனை பேர் நடுவிலும், "தாய்க்குக் கெட்ட சீக்கு இருக்கு. எங்கே போய் வாங்கினாள்னு கேளுங்க" என்றார். புருஷன்காரன் பக்கத்திலேயே நின்றான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமியார் தலையில் அடித்துக்கொண்டு, "நாளைக்கு வர்றோம். பேரனை மட்டும் தூக்கிக்கினு போறோம். இவ எங்கனா போயி சாவட்டும்" என்று சொல்லிவிட்டு மகனை இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பெண் நம்மைவிடச் சின்னவள். வேறு யாருக்கோ ரத்தம் எடுக்க நான் வார்டுக்குப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலக்கா" என்றாள். ரிப்போர்ட் சிவப்பு என்றது.

மத்தியானம் எனக்கு யாரோ நோயாளியின் ராஜபிளவைக் கட்டியிலிருந்து எடுத்த சீழ் வந்தது. ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். திராட்சைக் குலை மாதிரி கொத்துக் கொத்தாக ஸ்டாபிலோகாக்கஸ். எங்கே யார் பார்த்தாலும் ஊதாவாக இருக்க வேண்டிய கிருமி. எனக்குச் சிவப்பாகத் தெரிந்தது. உன்னைக் கூப்பிட்டேன். நீ பார்த்தாய். ஸ்பிரிட் புட்டியை எடுத்து மோந்தாய். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினாய், ஊற்றியது சில்லென்று பறந்துவிட்டது.

"அடிப்பாவி, இது நல்ல சரக்குடி!"

ஸ்டோர்காரர் மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருந்தார். மெட்ராஸிலிருந்து வந்த டின்னை யாரோ சீல் உடைக்காமல் அப்படியே நமக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். நம் கை பழகியதோ திருட்டு ஸ்பிரிட்டுக்கு. நல்ல ஸ்பிரிட் வந்த அன்றைக்கும் நாம் ஆமென் வரைக்கும் கழுவிக்கொண்டிருந்தோம்.

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. "அந்தக் கொழந்தையோட ஸ்லைடும் இத்துலதான போட்டேன்" என்றாய். உன் முகம் செத்துப்போயிற்று. மிச்சமிருந்த பஞ்சுக் குச்சியிலிருந்து புதிதாக ஒன்று போட்டு, செபத்தின் முதல் வார்த்தையிலேயே கழுவி எடுத்தாய். அதே ஜோடிகள்தான், ஆனால் ஊதா. நிமோகாக்கஸ். யாருடைய தொண்டையிலும் மூக்கிலும் இருக்கிற கிருமி. தும்மிய கையால் குழந்தையைத் தொட்டால் போதும், கண்ணுக்கு வந்துவிடும்.

ஓடிப்போய்ச் சொன்னாய். "காலைல சிவப்புங்கறே, இப்போ ஊதாங்கறே. நான் எதை நம்பறது?" என்றார் பெரிய டாக்டர். சரி, அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. காலையிலேயே அதே சீழை ஆட்டு ரத்தம் கலந்த தட்டில் கீறிச் சூட்டுப்பெட்டியில் வைத்திருந்தோம். மறுநாள் கிருமி முளைத்துவிடும். நிமோகாக்கஸ்தானா என்று ஐயமறப் பார்க்க, மாட்டுப் பித்தத்தைச் சேர்க்க வேண்டும். பித்தம் பட்டால் அது கரைந்துபோகும்.

சாயந்தரம் ஸ்டேஷனில் உன்னோடு நின்று நான்தான் கெஞ்சினேன். "நீ டெம்பரவரி. அப்பா இல்ல, தம்பிங்க படிக்குது. உன் சம்பளத்துலதான் அடுப்பு எரியுது. கொழந்தைக்குப் பெனிசிலின் போட்டாச்சு, ரெண்டுக்கும் மருந்து அதுதான. வுட்டுடேன்டி" என்றேன். நீ என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தாய். "மருந்து ஒண்ணுதான். அவ ஒரு கெணத்துல வுழுந்தா அதுக்கு எங்க போயி மருந்து வாங்குவ?" என்று கேட்டுவிட்டு வண்டி ஏறிப் போய்விட்டாய்.

மறுநாள் காலை டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாய். திண்டிவனத்துக் கறிக்கடையில் சொல்லி வைத்து வாங்கிய பித்தப்பை அதற்குள் இருந்தது. வண்டியில் பக்கத்து அம்மாள் "இன்னாம்மா கொழம்பு?" என்று கேட்டாளாம். பச்சையும் மஞ்சளுமாக அதைக் காய்ச்சி வடிகட்டும்போது எழுந்த நாற்றம் இருக்கிறதே! நான் வெளியே ஓடிவிட்டேன். நீ அசையவில்லை. தட்டில் சின்னச் சின்னத் தட்டைப் புள்ளிகள், சுற்றிலும் பச்சை மங்கல். அவற்றைக் கண்ணாடிக் குழாயில் உப்புத் தண்ணீர் விட்டுக் கலக்கியதும் அரிசி களைந்த நீர் போலக் கலங்கியது. பித்தத்தை விட்டு வெதுவெதுப்பில் வைத்தோம். பார்த்துக்கொண்டே இருக்கும்போது கலங்கல் தெளிந்தது. குழாயைக் கையில் பிடித்தபடி நீ தேம்பித் தேம்பி அழுதாய்.

அதையும் பெரிய டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினாய். நானும் கூட வந்தேன். தெளிந்த குழாயை அவர் வாங்கக்கூட இல்லை. "குழந்தைக்குக் கண்ணு தெறந்துடுச்சில்ல? அப்புறம் எதுக்கு இந்தப் பேஜாரு? அத்தனை பேர் எதிர்ல சொல்லியாச்சு. இப்போ போய் மாத்திச் சொன்னா என்னை எவன் மதிப்பான்? போய் வேலையைப் பாரும்மா" என்றார். சீழையும் மலத்தையும் பார்த்துக்கூட அவ்வளவு வராத அருவருப்பு அப்போது வந்தது எனக்கு. சலவைக் கோட்டு, ஒட்ட வெட்டிய நகம், மேலெல்லாம் யுடிகோலன் வாசனை. அந்த ஆளின் எதிரில் நிற்கவே உடம்பு கூசிற்று.

பார்வையாளர் மணி அடித்தது. மாமியாரும் மகனும் வந்துவிட்டிருந்தார்கள். மாமியார் குழந்தையைத் தூக்கித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. அழவும் இல்லை. நீ நேராக வார்டின் நடுவே போய் நின்றாய்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. நேத்து இந்தப் பொண்ணுக்குக் கெட்ட சீக்குன்னு சொன்னது தப்பு. அதை எழுதிக் குடுத்தது நான். கண்ணாடியில அதிகமாக் கழுவிட்டேன். இவளுக்கு ஒரு சீக்கும் கெடையாது. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க."

"பெரிய டாக்டரு வந்து சொல்லட்டும்" என்றாள் மாமியார்.

நீ புருஷன்காரன் பக்கம் திரும்பினாய். "அப்படியா? அப்போ நீ வாய்யா எங்க லேபுக்கு. உன்னோடதைக் குடு, பாத்துடலாம். ஒடனே தெரிஞ்சிடும். வர்றியா?"

அவன் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. கடைசிக் கட்டிலில் எவளோ களுக்கென்று சிரித்தாள். மாமியார் மகனை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கு என்ன தெரியுமோ, என்ன தோன்றிற்றோ! குழந்தையை மருமகள் கையில் திணித்தாள். "சரி சரி, ஜல்தி பொறப்படு. பஸ்ஸு போயிடும்" என்றாள். அவ்வளவுதான். நேற்று நாக்கில் நரம்பில்லாமல் பேசியதற்கு ஒரு வார்த்தை கிடையாது.

அந்தப் பெண் போகிற போக்கில் உன் அருகில் வந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டாள்.

"அக்கா, மறுபடியும் செவப்பா மாறிடாதே?"

"மாறாது. நீ போ" என்றாய்.

அதே வீட்டுக்குத்தானே திரும்பிப் போனாள் என்று அன்றைக்கெல்லாம் உன்னோடு சண்டை போட்டேன். "தாய் வூடு இல்லாதவ, வேற எங்கடி போவா? கொழந்தை அவ கையில இருக்குது. இன்னைக்கு அது போதும்" என்றாய். எனக்கு அது போதவில்லை. இன்றும் போதவில்லை.

டாக்டரை மதிக்காமல் வார்டில் கலகம் செய்தாய் என்று சொல்லி உன்னை வேலையிலிருந்து அனுப்பினார்கள். ஸ்பிரிட் கதையையும் சொல்லிப் பார்த்தாய். காதில் வாங்க ஆளில்லை. கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுத் திரும்பிய ஸ்டோர்காரர் அடுத்த டின்னில் வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றினார். பிற்பாடு அவர் ரிடையர் ஆனபோது பெரிய டாக்டரே கழுத்தில் மாலை போட்டார், நேர்மை, உழைப்பு என்று பேச்சு வேறு. தூ. நான் அன்றைக்கு லீவு போட்டுவிட்டேன்.

உன் கடைசி நாளில் நீ மேசையைத் துடைத்து வைத்துவிட்டு, ஒரு குச்சியால் உன் பல்லிடுக்கைச் சுரண்டி எடுத்து, நான் எடுத்து வைத்திருந்த ஸ்லைடின் ஓரத்தில் தடவினாய். "சீ, இன்னாடி பண்ற?" என்று கத்தினேன்.

"நம்ம பல்லு அழுக்குல ரெண்டு வகையும் இருக்கும்டி, ஊதாவும் செவப்பும். மொதல்ல இத்தைப் பாரு. ரெண்டும் சரியாத் தெரிஞ்சா கழுவுனது சரி. அப்புறமா அவங்களோடதைப் பாரு. தெரியலன்னா அவங்களைப் பத்தி வாயைத் தொறக்காத."

அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த காலம் முழுக்க, யாருடைய சீழ் வந்தாலும் ஸ்லைடின் ஓரத்தில் முதலில் என் வாய் அழுக்குத்தான். புதிதாக வந்த டாக்டர்கள் முகம் சுளித்தார்கள். சுளித்துக்கொள்ளட்டும்.

இப்போது எங்கள் தெருவில் ஒரு வீட்டு மருமகள் புருஷனை விட்டுப் போய்விட்டாள். சாயந்தரமானால் வாசல் வாசலாக அவளைப் பற்றித்தான் பேச்சு. யாரோடு போனாள், எத்தனை நாளாக நடந்தது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். என்னையும் கேட்கிறார்கள். எனக்கும் சொல்ல நாக்கு ஊறத்தான் செய்கிறது, உன்னிடம் பொய் சொல்வானேன். வாயைத் திறப்பதற்குள் நாக்கு தானாகப் போய்ப் பல்லிடுக்கைத் தடவுகிறது. அங்கே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும், எத்தனையோ வருஷம் லென்ஸ் வழியாகப் பார்த்தவள். அருவருத்துப்போகிறது. எழுந்து உள்ளே வந்துவிடுகிறேன்.