அரைப்பேர் போட்ட கன்ஸ்ட்ரக்டர்

2009 ஒக்டோபர் 12, ஹட்டன்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து நிறுவைப் புரோகிராமில், விவரங்களை வரிசைப்படி வாங்கி வைக்க நான் கையால் எழுதிய கன்ஸ்ட்ரக்டரை, எனக்கு வேலை பழக்கும் லக்ஸ்மன் சேர் இன்று அழித்துவிட்டார். கிளாஸ் என்ற அந்தப் புரோகிராம் துண்டின் தலையில் அனொட்டேஷன் என்று ஒரு சொல் குறிப்புப் போட்டால் போதுமாம், மிச்சத்தை அதுவே எழுதிக்கொள்ளுமாம். "இனி உமக்குக் கை நோகாது, பிள்ளை" என்றார். கண்ணுக்கே தெரியாத புரோகிராம் வரி எதை எங்கே வைக்கிறது என்று யார் பார்ப்பது என்று கேட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், ஏளனமாக ஒரு சிரிப்புச் சிரித்தார்.

ஒக்டோபர் 15

கிளாஸில் பேர், நிறை என்று ஒவ்வொரு விவரத்துக்கும் உள்ள ஃபீல்டுகளை எல்லாம் சேர் அகரவரிசையில் அடுக்கிவிட்டார். பார்க்க அழகாம். தூ.

ஒக்டோபர் 17

அம்மாவுக்கு அரைப்பேர்! நோம், ஒருநாளைக்குப் பறிக்க வேண்டிய அளவு, பதினாறு கிலோ. அதற்குக் குறைந்தால்தான் அரைப்பேர், அரைநாள் சம்பளம். அம்மா பறித்ததோ இருபத்திரண்டு. அம்மாவோடு பறிக்கும், பத்துக் கிலோகூடத் தேறாத ராமாயிக்கு முழுப்பேர். பட்டியலை வாசித்தது வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு செல்லசாமி ஐயா. போதாதா? "கண்டாக்குக்கு அவ மேல ஒரு கண்ணு" என்று லயத்து வீடுகள் முழுக்கப் பேச்சு. ராமாயியின் புருஷன் அவளை அடித்துப்போட்டானாம். என்ன சனமோ இதுகள்.

ஒக்டோபர் 19

புரோகிராமைத் திறந்து பார்த்தேன். ஃபீல்டு இடம் மாறியதும் கன்ஸ்ட்ரக்டர் வாங்கும் வரிசையும் சத்தமில்லாமல் மாறியிருக்கிறது. நாங்கள் எண்களை அனுப்புவது பழைய வரிசையில். பறித்த நிறை நோமாகிவிட்டது, நோம் நிறையாகிவிட்டது. கூடப் பறித்தவருக்கெல்லாம் அரைப்பேர், குறையப் பறித்தவருக்கு முழுப்பேர். இரண்டும் வெறும் எண்கள்தானே, பிழை பார்க்கும் கம்பைலர் ஏன் கத்தப்போகிறது?

சேரிடம் காட்டினேன். "நீர் திருத்திவிடும். கண்டாக்கு நம்பரைப் பிழையா அடிச்சுப்போட்டார் எண்டு தோட்டத்துக்குச் சொல்லுவம்."

சீ. இந்த ஆளிடமா நான் வேலை படித்தேன்?

ஒக்டோபர் 20

காலையில் பேர் வாசிக்கும் பெரட்டுக்குப் போய்ச் சத்தமாகவே சொன்னேன். "கண்டாக்கு ஐயா மேல தப்பில்லைங்க. எங்க புரோகிராம்தான் பறிச்சதையும் நோமையும் மாத்தி எடுத்துக்கிச்சு." செல்லசாமி ஐயா தலை நிமிரவில்லை. ராமாயி கன்னம் வீங்கி நின்றாள். "இத எங்க வூட்டுக்காரருகிட்டயும் வந்து சொல்லு தாயி."

போனேன். சொன்னேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"கம்பியூட்டரு பொய் சொல்லுமா?"

பாவி!

ஒக்டோபர் 27

பெரட்டில் உண்மையைச் சொன்னதற்குச் சேர் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அம்மாவுக்கு முழுப்பேர் விழுந்துவிட்டது. ராமாயி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பொகவந்தலாவைக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். இன்றைக்கும் பெரட்டில் அவள் பேரை வாசித்தார்களாம்.