மதிலுக்குக் கீழே ஒரு வாய்க்கால்

சாய்ந்தமருது
ஆகஸ்ட் 27, வியாழன்

அன்பு மகள் றுஸ்னாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் உம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாமா நிஸாமும் மாமியும் அங்கே பிரிஸ்பேனில் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைத் தொடுகிறேன். சுகம் என்று எழுதிவிட்டேன், ஆனால் நான்கு நாளாக எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வயலுக்குப் போகிறேன், என்ன வேலைக்குப் போனேன் என்பது பாதி வழியில் மறந்து திரும்பி வருகிறேன், உம்மா ஊற்றித் தந்த தேத்தண்ணீர் ஆறிக் கிடக்கிறது. அவளும் பார்த்துப் பார்த்துக் கடைசியில், "இஞ்ச பாருங்க, ஒண்டில் இரிங்க, இல்லாட்டி எங்கயாவது போங்க, எனக்குத் தல சுத்துது" என்று சத்தம் போட்டுவிட்டாள். அதனால்தான் இருந்து எழுதுகிறேன். போனில் கதைத்திருக்கலாம், ஆனால் நான் அனுப்பும் குரல் பதிவை நீ அடுப்படியில் வைத்துப் போடுவாய், மாமா வீடு முழுக்கக் கேட்கும். இது உனக்கு மட்டும் உள்ளது. மாமாவின் கூட்டாளி ஒருவர் திங்கட்கிழமை அங்கே பயணம், அவர் கையில் கொடுத்து விடுகிறேன். உம்மா ஒரு டின் தொதலும் கட்டிவைத்திருக்கிறாள், விமான நிலையத்தில் பறித்துப் போடுவார்கள் என்று சொன்னால் என் மேல்தான் பாய்கிறாள்.

சிறுபோக வெட்டு முடிந்துவிட்டது, விளைச்சல் மோசமில்லை. சவளக்கடைப் பக்கம் யானை இரண்டு தரம் வந்து போனதாம், நம் வயல் வட்டைக்கு வரவில்லை. உம்மாவுக்கு முழங்கால் வலி, பெரிய டொக்டரிடம் காட்டுவோம் என்றால் எண்ணெய் பூசுகிறேன் என்கிறாள். நீ அனுப்பிய பாடநெறி விவரத்தை மூன்று தரம் வாசித்தேன். இயற்கை வளக் கொள்கையும் நிருவாகமும் என்ற பெயரை நீ முதன்முதலில் சொன்ன அன்று, இதைப் படித்து என்ன வேலை எடுக்கப் போகிறாய் என்று நான் எரிந்து விழுந்தேன், நீயும் போனை வைத்துவிட்டாய். அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. மாமா கணக்கியல் படிக்கட்டும் என்கிறார், உம்மா இன்னும், "தண்ணிக்கும் காட்டுக்கும் ஒரு படிப்பா, நல்லாரிக்கி கத" என்றுதான் சொல்கிறாள். நான் யோசித்துப் பார்த்தேன். பதினெட்டு வருடம் வட்டைவிதானையாக இருந்து, எந்த வயல் கண்டத்துக்கு எப்போது தண்ணீர் திறப்பது, யாரைக் காத்திருக்கச் சொல்வது, வாய்க்கால் வெட்ட வராதவனை என்ன செய்வது என்று விவசாயிகளோடு மல்லுக்கு நிற்கிறேனே, அதுவும் இந்தப் படிப்புத்தானே, சான்றிதழ்தான் இல்லை. முதல் வருடம் சட்டமும் நீரியலும் எடுக்கப் போவதாக எழுதியிருந்தாய், நல்லது, அதோடு நில அளவைப் படம் வாசிக்கவும் பழகிக்கொள். களப்பயிற்சி எந்த வருடம் என்று இப்போதே கேட்டுவை. மூன்று வருடப் படிப்பா நான்கு வருடமா என்று தடுமாறாதே, களத்துக்கு அனுப்புகிற படிப்பு நான்கு என்றால் நான்கையே எடு. சிங்களத்தைக் கைவிட்டு விடாதே, நாளைக்கு இங்கே ஒரு கந்தோரில் இருக்க வந்தால் அது இல்லாமல் முடியாது. ஜீப்பை விட்டு இறங்காத அதிகாரிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன், நீ அப்படி ஆகிவிடக் கூடாது.

இனி உன் கட்டுரைக்கு வருகிறேன், வராமல் எவ்வளவு தூரம்தான் சுற்றுவது. உங்கள் ஊரில் ஒரு இயற்கை வளம் எப்படி ஆளப்படுகிறது, அது எங்கே பிழைக்கிறது என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரச் சொல்லிப் பல்கலைக்கழகத்தில் கேட்டிருக்கிறார்கள். நீ, உனக்கென்று நான் கட்டிய புது வீட்டடி வடிச்சல் வாய்க்காலை எழுதியிருக்கிறாய். வயல் வட்டையின் மழைத்தண்ணீரைக் கொண்டுபோன அந்த வாய்க்காலை நிலம் நிரப்புகிற கொந்தராத்துக்காரர்கள் மூடிவிட்டதாகவும், அதனால் ஒவ்வொரு மாரிக்கும் பக்கத்து வளவு ஸுலைஹா சாச்சியின் அடுப்படிக்குள் தண்ணீர் ஏறுவதாகவும், உன் வாப்பா வட்டைவிதானையாக நின்று அதை எதிர்த்துப் போராடியதாகவும், நிருவாகம் என்றால் என்ன என்பதை நீ அவரிடம்தான் கற்றதாகவும் எழுதியிருக்கிறாய். அந்த இடத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கடைசியில் நீ என்னிடம் கேட்டிருக்கிறாய், மூடியது எந்த வருடம், யாருடைய அனுமதி, நீங்கள் முறைப்பாடு எழுதிய கடிதத்தின் பிரதி இருந்தால் படம் பிடித்து அனுப்புங்கள் என்று. பிரதி இல்லை மகள். நான் அப்படியொரு கடிதம் எழுதவே இல்லை. கொந்தராத்துக்காரர் யாரும் மூடவுமில்லை. மூடியவன் நான்.

நீ அப்போது ஒன்பதாம் வகுப்பு. நம் ஊர் உனக்குத் தெரியும், பெண் பிள்ளை பிறந்தால் தகப்பன் அவளுக்கு ஒரு வீடு வைக்க வளவு தேடத் தொடங்குவான், கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒரு சாண் நிலம் மிச்சமில்லை. எல்லோரும் வயலுக்குள் இறங்கினார்கள், நானும் வட்டை ஓரத்தில் அந்தப் பள்ளக் காணியை எடுத்து டிப்பர் டிப்பராகக் கிறவல் மண் கொட்டினேன். வாய்க்கால் காணியின் நடுவால் எட்டடி அகலத்தில் போனது. அதை விட்டால் உனக்கு இரண்டு அறையும் ஒரு ஒடுக்கமான நடையும்தான் மிஞ்சும், அடுப்படிக்கு இடமில்லை. மற்றவன் மூடப் போனபோது நின்று தடுத்த வட்டைவிதானை நான், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆட்கள் சோறு தின்று படுத்திருந்த நேரத்தில் நானே இறங்கி மூடினேன். ஒரு குழாய் போட்டால் தண்ணீர் போய்விடும் என்று கணக்குப் போட்டேன், போட்ட குழாய் முதல் மாரிக்கே அடைத்துக்கொண்டது. அதற்குள் அதன் மேல் மதிலும் எழும்பிவிட்டது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்டால் தரமாட்டார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து ஏன் வாப்பா சாச்சி வீட்டுக்குள் தண்ணீர் என்று கேட்டாய், வாயில் வந்ததைச் சொன்னேன், கொந்தராத்துக்காரர் என்று. பிறகு எட்டு வருடம் அதையே சொல்லி எனக்கே அது நடந்ததுபோல் ஆகிவிட்டது. வெட்கமாக இருக்கிறது மகள், வேறென்ன சொல்ல.

உன் கட்டுரையை வாசித்த பிறகு என்னால் அந்தப் பக்கம் போகவும் முடியவில்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை. செவ்வாய்க்கிழமை அஸர் தொழுதுவிட்டு ஸுலைஹா வீட்டுக்குப் போனேன். அவள் இடியப்பத்துக்கு மா அரித்துக்கொண்டிருந்தாள், அடுப்பை நான்கு கல் உயரத்தில் கட்டிவைத்திருக்கிறாள், சுவரில் தண்ணீர் நின்ற கறை முழங்காலளவு. நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அரிதட்டைக் கீழே வைக்கவே இல்லை. "தெரியும் காக்கா, எங்கட ஊட்டு மம்பட்டியத்தானே வாங்கிட்டுப் போனீங்க" என்றாள். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, என் மண்வெட்டி வயல் வாடியில் கிடந்ததால் அவள் வீட்டில் இரவல் வாங்கினேன். தெரிந்தும் ஏன் எட்டு வருடம் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். "றுஸ்னாக்கு ஊடு கட்டுறீங்க. அந்தப் புள்ளைக்குக் கட்டுற ஊட்டுல நான் என்னத்தச் சொல்ற" என்றாள். பள்ளிக்குப் போகிற வழியில் அவள் கையால் இடியப்பம் தின்ற பிள்ளை நீ, அதற்காக அந்தப் பெண் எட்டு மாரி தண்ணீருக்குள் சமைத்திருக்கிறாள்.

வழிதான் என்ன என்று நேற்று நூல் பிடித்து அளந்தேன். வாய்க்காலைத் திரும்ப வெட்டுவதென்றால் மதிலின் ஒரு பக்கத்தை உடைக்க வேண்டும், சீமெந்து முற்றம் போகும், அடுப்படியில் பாதி போகும். உம்மாவிடம் சொன்னேன், அவள் அழுது, "மகள்ட ஊட்ட உடைக்கிறதுக்கு நீங்க ஆரு, மாப்பிள பாக்க வாறவங்களுக்கு என்னத்தக் காட்டுற" என்று கேட்டாள், அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. கோபத்தில் கேட்டாலும் அவள் கேட்டது சரி. காணி உறுதிப் பத்திரம் உன் பெயரில் இருக்கிறது. வாய்க்காலை மூடியது நான், ஆனால் சட்டப்படி இன்று தண்ணீரை மறித்துக்கொண்டிருப்பது உன் காணி. என் விருப்பத்துக்கு மூடினேன், என் விருப்பத்துக்கே உடைக்க எனக்கு உரிமையில்லை. நீ ஓம் என்றால் அடுத்த நாளே ஆள் பிடிப்பேன். வேண்டாம் என்றாலும் உன்னோடு கோபிக்க மாட்டேன், ஆனால் ஸுலைஹாவுக்கு என்ன சொல்வது என்பதையும் நீயே எழுதி அனுப்பு. நான் செய்ததற்கு உன்னைக் கேட்க வைக்கிறேனே என்றுதான் என் நெஞ்சு ஆறவில்லை.

கட்டுரையில் என்னைப் புகழ்ந்த பந்தியை வெட்டிவிட்டு நடந்ததை எழுது. வாப்பாவின் மானம் போகுமே என்று பெயரை மறைக்காதே, மறைத்தால் அது இன்னொரு கொந்தராத்துக்காரர் கதையாகிவிடும். இதனால் உனக்கு இடம் கிடைக்காமல் போகுமோ என்று பயமாகவும் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். நேரத்துக்குத் தொழு, பசியோடு வேலைக்குப் போகாதே, மாமியோடு முகம் கொடுத்துக் கதை. அல்லாஹ் உன் படிப்பிலும் நடத்தையிலும் பறக்கத் செய்யட்டும், என்னைவிட நேரான ஆளாக உன்னை வைக்கட்டும். மாரி ஒக்டோபரில் பிடித்துவிடும், அதற்கு முன் உன் பதில் எனக்கு வேண்டும். இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள், பெயரை முழுதாகவே எழுதிக் கையெழுத்து வைக்கிறேன், நீ எழுதியதற்கு யாராவது அத்தாட்சி கேட்டால் இதைக் காட்டு.

உன் வாப்பா,
ஆதம்லெப்பை சீனிமுகம்மது,
வட்டைவிதானை.