வெளியிடு, வெளியேறு

மார்ச் 3, செவ்வாய்

பெயர் சொல்லாமல் எழுதுகிறவர்களுக்கான எங்கள் செயலியில், தளம் அமைக்கப் பதினொரு பக்கமாக இருந்ததை மூன்றாகக் குறைத்துவிட்டேன். வீட்டில் சும்மா கிடக்கும் கணினி போதும். மூன்று பக்கம் தாண்டினால் சொந்தத் தளம் தயார். எழுதியது யார் என்று எவனாலும் கண்டுபிடிக்க முடியாது.

நிரல் எழுதுகிறவன் மட்டும் மூக்கைச் சுளித்தான். அவனைக் கறார் என்று சும்மாவா கூப்பிடுகிறோம்! "ஏம்மா, 'வெளியிடு', 'வெளியேறு' ரெண்டு பட்டனும் ஒட்டிக்கிட்டு இருக்கே, கை தவறாதா?" என்றான்.

"ஏன், படிக்கத் தெரியாதா?" என்றேன். அழகாக இருக்கிறது. மாற்ற மாட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

அக்காவின் மடிக்கணினியில் செயலியைப் போட்டுக் கொடுத்தேன். பத்தொன்பது வருட நர்ஸ். அவள் ஆஸ்பத்திரியில் காலாவதியான மருந்துக்குப் புதுத் தேதி ஒட்டி நோயாளிகளுக்கு ஏற்றுகிறார்களாம். அதை எழுதப் போகிறாள். "மாட்டுனா வேலை போயிடும்டி" என்றாள்.

"நான் இருக்கேன்ல" என்றேன். என்ன வாய் எனக்கு.

மார்ச் 12, வியாழன்

போச்சு.

முதலில் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதிவிட்டு, பிறகு அடையாளங்களை எடுப்பது அவள் வழக்கம். வார்டு எண், தேதி, அன்றைக்கு டியூட்டியில் இருந்தது தான் மட்டும்தான் என்பது வரை எழுதியிருக்கிறாள். அதற்குள் வேலைக்கு நேரமாகிவிட்டது. வெளியேறப் போனவள் வெளியிட்டுவிட்டாள்.

நாலு மணி நேரம் ஊரே படித்திருக்கிறது. 'நிச்சயமா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நின்றிருப்பாள். அந்தக் கேள்விப் பக்கத்தைத் தூக்கியது யார்? நான். நான்தான்.

மார்ச் 13, வெள்ளி

"ரெண்டும் 'வெளி'ன்னுதானேடி ஆரம்பிக்குது, அவசரத்துல கண்ணுல படல" என்றாள் அக்கா. அவள் எனக்குச் சமாதானம் சொல்கிறாள்! நாலு அறை விட்டிருந்தால் தேவலை.

மார்ச் 14, சனி

'வெளியேறு' என்பதை 'மூடு' என்று மாற்றினேன். இனிமே யாருக்கு?

மார்ச் 19, வியாழன்

வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். போனை எடுத்த அத்தான் என் குரலைக் கேட்டதும் அவளிடம் கொடுத்துவிட்டார்.

மார்ச் 27, வெள்ளி

கறார் ஒரு வார்த்தைகூடக் குத்திக் காட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

அக்கா மடிக்கணினியோடு வந்தாள். "மிச்சத்தையும் எழுதிட்டேன். மேல என் பேரைப் போடு."

"வேணாம்க்கா."

"இனிமே யார்கிட்டடி மறைக்கணும்?"

மூன்று பக்கத்தையும் புரட்டினேன். எழுதியவர் பெயரைப் போட நான் ஒரு கட்டம்கூட வைக்கவில்லை.