மூன்றாம் நிரல்

நாவற்குடா
12.10.1990

அன்பின் றபீக்கா,

நீயும் உம்மாவும் கொழும்பில் ஓர் அறையிலாவது பயமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நீ போய் இரண்டு மாதம். வாசிகசாலையில் உன் நாற்காலியில் யாரையும் இருத்தவில்லை. சண்டையில் ஊர்கள் கலைந்தபிறகு புத்தகம் கேட்டு யாரும் வருவதில்லை. வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "மிஸ், எங்கட ஊர் ஆக்கள் இப்ப எங்க இருக்காங்க?"

அதனால் பெரிய கொப்பி ஒன்றில் மூன்று நிரல் கீறினேன். பெயர், சொந்த ஊர், இப்போது இருக்கும் இடம். வாசிப்பு மேசையில் திறந்தே கிடக்கிறது. யாரும் எழுதலாம், யாரும் பார்த்தெழுதிக்கொண்டு போகலாம். அறுநூறு பெயர் சேர்ந்துவிட்டது. கிரான் சங்கக்கடை மனேச்சர் நல்லரத்தினம் இங்கே தமக்கை வீட்டில் இருக்கிறார். அவர் உயிரோடிருப்பதே தெரியாமல் செட்டிபாளையத்தில் அழுதுகொண்டிருந்த மனைவி இலட்சுமிப்பிள்ளை, கொப்பியைப் பார்த்துத்தான் வந்து சேர்ந்தார். உன் மாமி நபீஸாவின் பெயரும் இருக்கிறது. ஓட்டமாவடியில் உறவினர் வீட்டில் சுகமாக இருக்கிறாராம்.

முழுவதையும் பிரதி எடுத்து இத்துடன் அனுப்புகிறேன். நீ வேலை செய்யும் அச்சகத்தில் அடிக்க முடியுமா என்று கேட்டுப் பார்.

உன்
அன்னப்பூரணி

மருதானை
30.10.1990

அன்பின் பூரணி,

மாமியின் பெயரைக் கண்டதும் உம்மா கடிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதா. இவ்வளவு பெரிய செய்தியை ஒரே வரியில் எழுதியிருக்கிறாய். இன்னும் கொஞ்சம் எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

முதலாளி சம்மதித்துவிட்டார். இருநூறு பிரதி, இலவசமாக. அட்டையில் "இப்பட்டியல் யாருக்கும் சொந்தமில்லை. யாரும் பார்க்கலாம், யாரும் மறுபடி அச்சிடலாம்" என்று போடச் சொன்னேன். எழுத்துப் பிழை நானே பார்க்கிறேன். இங்கே வந்ததிலிருந்து இப்போதுதான் நான் எதற்காவது உதவுகிறேன் என்று தோன்றுகிறது.

றபீக்கா

நாவற்குடா
4.11.1990

றபீக்கா,

உன் பதில் இன்னும் வரவில்லை. காத்திருக்க முடியவில்லை.

முந்தநாள் முன்பின் தெரியாத இருவர் வந்தார்கள். யாரைத் தேடுகிறார்கள் என்று கேட்டேன். "சும்மா பார்க்கிறம்" என்றார்கள். ஒரு மணித்தியாலம் இருந்து எழுதினார்கள். தேடி வருகிறவர்கள் முதல் நிரலில் விரலை வைத்துக் கீழே இறக்குவார்கள். இவர்கள் மூன்றாம் நிரலைத்தான் பார்த்தார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று கேட்கிற காலமா இது?

அச்சடித்தால் மூன்றாம் நிரலை எடுத்துவிடு. பெயரும் ஊரும் போதும். தேடுகிறவர் என்னிடம் வரட்டும், நான் ஆளிடம் கேட்டுச் சொல்கிறேன்.

அன்னப்பூரணி

மருதானை
27.11.1990

அன்பின் பூரணி,

நாலாம் திகதிக் கடிதம் இன்றுதான் கிடைத்தது. புத்தகங்கள் போன வியாழக்கிழமையே போய்விட்டன. மட்டக்களப்புக்கே அறுபது அனுப்பினோம். என்னிடம் மிச்சம் முப்பத்தெட்டு. ஒவ்வொன்றாக எடுத்து மூன்றாம் நிரலைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருக்கிறேன். இதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று எனக்கும் தெரியும்.

ஒன்றும் நடக்கவில்லை என்று ஒரு வரி எழுது.

றபீக்கா

நாவற்குடா
29.12.1990

றபீக்கா,

நல்லரத்தினத்தைக் கொண்டுபோய்விட்டார்கள். இம்மாதம் 19ஆம் திகதி, காலை எட்டு மணிக்கு. தேநீர் குடித்துக்கொண்டிருந்தாராம். வந்தவர்களில் ஒருவன் கையில் நீ அச்சடித்த புத்தகம் பதினேழாம் பக்கத்தில் மடித்தபடி இருந்ததாம். வீட்டு இலக்கத்தை அதில் பார்த்துத்தான் வாசல் படலையைத் திறந்தார்களாம்.

முதலில் உன்னைத்தான் திட்டினேன். பிறகு கொப்பியை எடுத்துப் பார்த்தேன். கொப்பியில் வீட்டு இலக்கம் இல்லை. பெயர் எழுத வந்த அன்றே அவர் சொன்னார்: "நாவற்குடா எண்டு மட்டும் போடுங்க மிஸ். வீட்டைப் போட வேணாம்." உனக்குப் பிரதி எடுத்தபோது, மற்றவர்களுக்கெல்லாம் முழு முகவரி இருக்க, அந்த ஒரு வரி மட்டும் அரைகுறையாகத் தெரிந்தது. வீடு எங்கள் ஒழுங்கையில், எங்கள் வீட்டுக்குப் பக்கம்தானே, எனக்குத் தெரியும். இலக்கத்தைச் சேர்த்துவிட்டேன். யோசிக்கக்கூட இல்லை.

கொப்பியை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். கொஞ்ச நாளைக்கு எழுதாதே.

அ.

மருதானை
15.1.1991

பூரணி,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. நீ எழுதியதை அச்சாக்கியது நான். எழுத்துப் பிழை பார்த்தபோது அந்த வரியையும்தான் வாசித்தேன். பிழையொன்றும் இல்லை என்று கையொப்பம் வைத்தேன். நீ தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

றபீக்கா

நாவற்குடா
18.2.1991

அன்பின் றபீக்கா,

நேற்று இலட்சுமிப்பிள்ளை அக்கா வாசிகசாலைக்கு வந்தார். இரண்டு மாதமாக ஒவ்வொரு படைமுகாமாக ஏறி இறங்குகிறார். எங்கே போனாலும் அப்படி ஒருவர் இல்லை என்கிறார்களாம். கொப்பியைக் கேட்டார். பூட்டிவிட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். சொல்லிவிட்டேன். இலக்கத்தைச் சேர்த்தது நான்தான் என்று அவருடைய முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

எழுந்து வாசல்வரை போனார். மறுபடி வந்து இருந்தார்.

"உங்கள நான் மன்னிக்கல்ல, மிஸ். அது வேற கதை. இப்ப கொப்பிய எடுங்க."

எடுத்தேன்.

"என்ட மனிசன் இஞ்ச இருந்தாரெண்டு உங்கட கொப்பியில மட்டும்தான் இருக்கு. அதயும் பூட்டினா, அவர் இருக்கவேயில்ல எண்டுதானே ஆகும்? அவர்ட வயச, கொண்டுபோன திகதியப் போடுங்க. எத்தின பேர் வந்தாங்க, என்ன வாகனம், எல்லாம் போடுங்க. எல்லாரும் பார்க்கட்டும்."

"உங்களுக்கு ஆபத்து வந்தா?"

"என்ட பேரையும் போடுங்க. நான்தானே சொல்றன்."

நாலாவது நிரல் கீறினேன். உயிரோடு ஒளிந்திருப்பவர்களின் மூன்றாம் நிரலை மையால் அழித்தேன். கொப்பி மறுபடி மேசைக்கு வந்துவிட்டது. இன்று மத்தியானத்துக்குள் இன்னும் ஒன்பது பெண்கள் வந்து சொல்ல, நான் எழுதி, கீழே என் கையொப்பத்தையும் வைத்தேன். கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டு எழுதினேன்.

அந்தப் பக்கத்தின் பிரதி இது. இந்த முறை சொன்னவர் சொன்னதற்கு மேல் ஓர் எழுத்தும் சேர்க்கவில்லை. அச்சடிப்பாயா? பயமாக இருந்தால் வேண்டாம் என்று எழுது, கோபிக்கமாட்டேன்.

உன்
பூரணி

மருதானை
14.3.1991

அன்பின் பூரணி,

முதலாளி பக்கத்தை இரண்டு முறை வாசித்தார். "இத அடிச்சா நாளைக்கே பிரஸ்ஸப் பூட்ட வேண்டி வரும், புள்ள. நான் பார்க்கல்ல" என்று திருப்பித் தந்தார். பாவம், அவரையும் குறை சொல்ல முடியாது.

அதனால் கையால் எழுதுகிறேன். வேலை முடிந்து வந்து நாளுக்கு நாலு பிரதி. உம்மா பக்கத்தில் இருந்து ஒவ்வொரு பெயராக வாசித்துச் சரிபார்க்கிறா. நேற்றுவரை முப்பத்தொன்று. பத்திரிகைகளுக்கு, சட்டத்தரணிகளுக்கு, செஞ்சிலுவைச் சங்கத்துக்கு, இங்கே கேட்டு வருகிறவர்களுக்கு. பார்த்தெழுதிக்கொடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். இரண்டு பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். நல்லரத்தினம் அண்ணனின் வயது நாற்பத்தொன்றா, நாற்பத்தேழா? உன் கையெழுத்தில் விளங்கவில்லை. அக்காவிடம் கேட்டு எழுது. உன் பதில் வரும்வரை அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு மற்றதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

றபீக்கா