சாலைக் கம்போளத்தில் ஒரு பிடி மிளகாய்ப்பொடி

வலது உள்ளங்கை எரிகிறது. தேங்காயெண்ணெய் தேய்த்தாயிற்று, மோரில் முக்கியாயிற்று. மிளகாய்ப்பொடிக் காந்தல் போகமாட்டேன் என்கிறது. இதை உன்னிடம்தான் சொல்லி அழ வேண்டும். வேறு யாருக்குப் புரியும்?

சனிக்கிழமையானால் ஆபீஸ் விட்டதும் கரமனைக்கு பஸ் ஏற விடாமல் என்னைச் சாலைக் கம்போளக் கடைத்தெருவுக்கு இழுத்துப் போவாய். கடை கடையாக வேடிக்கை பார்த்து, பேரம் பேசி, சண்டை போட்டு, கடைசியில் ஒரு நெய் ரோஸ்ட் தோசையை ஆளுக்குப் பாதி தின்ற பிறகுதான் வீடு. "கொஞ்சம் மெதுவாப் பேசேண்டி" என்றால், "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்டி" என்பாய்.

பிழைத்தாயா, பாவி?

அன்று ஹர்த்தால். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் கடை திறக்கலாம். நாமும் பையோடு மளிகைக்கடை அண்ணாச்சியின் வாசலில் காத்திருந்தோம். ராகுகாலத்தை முந்துவதற்காக அவர் தன் கடிகாரத்தை எப்போதும் வேகமாக வைத்திருப்பார். அதைப் பார்த்து ஆறாகிவிட்டதென்று ஷட்டரைத் தூக்கிவிட்டார். தெருமுனையில் நின்ற கும்பல் பாய்ந்து வந்தது. "கட அடைக்கெடா!" தராசு பறந்தது, மூட்டைகள் கிழிந்தன. இரும்புக்கம்பி வைத்திருந்தவன் அண்ணாச்சியைக் கீழே தள்ளி, கை முறிய அடித்தான். அடுத்த அடியைத் தலைக்கு ஓங்கினான். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். நீயோ, "விடுடா அவரை!" என்று கத்திக்கொண்டே மூட்டைக்குள் கைவிட்டு, ஒரு பிடி மிளகாய்ப்பொடியை அவன் கண்ணில் எறிந்தாய். கண் தெரியாமல் அவன் சுழற்றிய கம்பி உன் காதோரம் இறங்கியது. ரத்தம் எது, மிளகாய் எது என்று தெரியாமல் தரையெல்லாம் சிவப்பு. என் மடியில் கிடந்து, "அண்ணாச்சி இருக்காராடி?" என்றாய். இருக்கார் என்றேன். விடிவதற்குள் நீ இல்லை.

"பொம்மனாட்டிக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றாள் துக்கம் கேட்க வந்த உன் அத்தை. நான் திருப்பிச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இன்று அண்ணாச்சி கடையில் நின்றபோது அவன் எதிரே வந்தான். ஜாமீனாம். சிப்ஸ் கொறித்துக்கொண்டு, நாம் நடந்த தெருவில் வேடிக்கை பார்த்து நடக்கிறான்! என் கை தானாக மூட்டைக்குள் போயிற்று. எடுத்து ஓங்கிவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவன் துடிப்பதைப் பார்க்க ஆசையாக இருந்தது.

முறிந்து கோணலாகச் சேர்ந்த அந்தக் கையால் அண்ணாச்சி என் மணிக்கட்டைப் பிடித்தார். "வேண்டாம்மா. இன்னொரு உசிரு போனா நான் தாங்கமாட்டேன்."

அவன் கூட்டத்தில் கலந்துவிட்டான். எறியவில்லை, ஆனால் கீழே கொட்டவும் மனசு வரவில்லை. பஸ் ஏறாமல், பிடியை மூடிக்கொண்டே கரமனை வரை நடந்து வந்தேன்.

இன்னும் எரிகிறதடி. எரியட்டும்.