ஸ்வாதி நோட்டில் எழுதிய சத்தங்கள்

ஓசூர்
12.8.2006

அன்பு மகன் முத்துக்குமாருக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் தங்கச்சியும் இங்கே சுகம், சார்ஜா வெயிலில் நீயும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். போன வாரம் ஸ்வாதிக்கு என்னப்பா என்று கேட்டாய், அதற்குள் லைன் போய்விட்டது, அதனால் விவரமாக எழுதுகிறேன்.

உன் பழைய ரூமில்தான் இப்போது அவள் படிப்பதும் தூங்குவதும். ஆறாம் வகுப்பு போனதிலிருந்து தலைவலி என்றாள், மார்க்கும் இறங்கிவிட்டது, டீச்சர் கேட்டதற்கு வீட்டில் ஒரே சத்தம் மிஸ் என்று சொல்லியிருக்கிறாள். அம்மா பயந்துபோய், திருநெல்வேலியில் சித்தி வீட்டில் விட்டுப் படிக்க வைப்போம் என்று ஆரம்பித்துவிட்டாள். எனக்கு மனசு வரவில்லை. பக்கத்து வீட்டு குருமூர்த்தி நம் சுவரை ஒட்டி ஷெட் போட்டு இரண்டு டிரில்லிங் மிஷின் வைத்திருக்கிறார், அதுதான் காரணம் என்று நேராகப் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, கன்னடமும் தமிழும் கலந்து, பார்த்துக்கலாம் சார் என்று சொல்லி மிஷினுக்கு அடியில் கனமான ரப்பர் வைத்தார். நானும் ஜன்னல் சந்தில் ரப்பர் ஒட்டினேன், பீரோவை ஷெட் பக்கச் சுவரோடு சேர்த்தேன், கதவுக்குக் கீழே இருந்த இடைவெளியை அடைத்தேன். சத்தம் எந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது என்று கண்டுபிடிப்பதில் எனக்கே ஒரு ஆசை வந்துவிட்டது. சுவரில் டம்ளரை வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டேன், ஒன்றும் கேட்கவில்லை, வேலை முடிந்தது என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் அவள் இன்னும் சத்தம் இருக்குப்பா என்றாள்.

சரி, ஒரு வாரம் கேட்கிற சத்தத்தையெல்லாம் நோட்டில் எழுது, எது அதிகமோ அதை முதலில் போடு என்றேன். வாரம் முடிந்து நோட்டைப் பார்த்தால், குருமூர்த்தி மிஷின் நாலாவது, மிக்ஸி மூணாவது. முதலில் அப்பா டிவி, இரண்டாவது அப்பா பேசுறது. ஏம்மா இதை முன்னாடியே சொல்லவில்லை என்றேன், டூட்டி முடிஞ்சு வந்து அது ஒண்ணுதானே பார்க்கிறீங்க என்றாள். அம்மாவோ, நான் எத்தனை வருஷமாகச் சொல்கிறேன், உங்கள் காதில் விழுந்தால்தானே என்கிறாள்.

மறுநாளே காது டாக்டரிடம் போனேன். ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்கள் என்றார்கள். இன்னும் ஆரம்பிக்கவில்லை போல என்று நான் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறேன், பாதி டெஸ்ட் முடிந்துவிட்டது. என்ன வேலை என்று கேட்டார் டாக்டர், இருபத்திநாலு வருஷம் கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் என்றேன், போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்றார். ஸ்வாதி குரல் மெல்லிசாகிவிட்டது, பிள்ளை வளர்கிறாள் என்று நான் இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது டிவிக்கு இயர்போன் போட்டாயிற்று, தலைவலி நின்றுவிட்டது, திருநெல்வேலிப் பேச்சும் இல்லை. சாயங்காலம் அவளே வந்து என் வலது பக்கம் உட்கார்ந்து பாடம் படித்துக் காட்டுகிறாள், அந்தக் காது கொஞ்சம் பரவாயில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ வேலை பார்க்கிற யார்டில் காதுக்கு மாட்டக் கொடுப்பதைக் கட்டாயம் மாட்டிக்கொள். எனக்கும் கொடுத்தார்கள், சட்டைப் பையிலேயே கிடந்தது. நீ எந்தக் குறையும் இல்லாமல் நல்லபடியாக இருக்க முருகன் துணை.

உன் அப்பா,
சுடலைமுத்து