ஒரே ஆளுக்கு இரண்டு கிண்ணம் சோறு

1947, மே 12

இன்று என் கணவர் கென்சாக்குவைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். வெள்ளைத் துணி சுற்றிய பெட்டி. மாமனார் இரு கைகளாலும் வாங்கி, வழியெல்லாம் தலைகுனிந்தபடி வந்தார். உள்ளே கடகடவென்று சத்தம். திறந்தால் ஒரு கூழாங்கல். மஞ்சூரியாவில் எலும்பு கிடைக்கவில்லையாம், அதற்குப் பதில் இது. நம் ஆற்றில் இல்லாத கல்லா? இருந்தாலும் அரசாங்கம் கொடுத்த கல். மரியாதையாக வைத்தோம்.

மாமியார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கல்லுக்கு நான் பால் குடுக்கல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

மே 14

காரியம் முடிந்தது. மாமனார் புத்தர் மாடத்தில் ஒரு கிண்ணம் சோறு வைத்து, அதன் நடுவில் சாப்பிடும் குச்சிகளைச் செங்குத்தாக நட்டார். செத்தவர்களுக்கு அப்படித்தான். மாமியார் கூடத்தில், மகன் உட்காரும் இடத்தில், வழக்கம்போல் மூடி போட்ட கிண்ணம் வைத்தார். தூரத்தில் இருக்கிறவன் உயிரோடு இருந்தால் மூடியின் உட்புறம் வேர்க்குமாம். அவர் படைக்குப் போனதிலிருந்து ஒரு வேளைகூடத் தவறாமல் வேர்க்கிறது. சூடான சோற்றை மூடினால் வேறு என்ன செய்யும் என்று நான் கேட்கவில்லை.

ஆக, செத்தவருக்கு ஒரு கிண்ணம், இருப்பவருக்கு ஒரு கிண்ணம், எங்களுக்கு சர்க்கரைவள்ளிக்கிழங்கு. வீட்டில் இருந்தபோதுகூட அந்த மனுஷன் இவ்வளவு சாப்பிட்டதில்லை.

ஜூன் 2

இரண்டு கிண்ணங்களையும் பிறகு காலி செய்வது என் பொறுப்பு. இந்தப் பஞ்சத்தில் ஊரிலேயே கொழுத்த விதவை நானாகத்தான் இருப்பேன். விதவைதானா?

ஜூன் 20

மாமனார் இன்று வாயைத் திறந்தார். என்னைக் கொழுந்தன் மினோருவுக்குக் கட்டிவைக்க வேண்டுமாம். "வெளியாளக் கொண்டாந்தா பழகவே ரெண்டு வருஷம் ஆகும். இவளுக்கு நம்ம வயலு தெரியும்." மாடு வாங்கியபோதும் இதையேதான் சொன்னார்.

"புருஷன் உசுரோட இருக்கறவள யாருக்குக் கட்டுவீங்க?" என்றார் மாமியார்.

"கல்லு வந்துருச்சுல்ல."

"அப்ப அந்தக் கல்ல வயல்ல எறக்குங்க."

ஆனாலும் அறுவடை முடிந்ததும் கல்யாணம் என்று மாமனார் முடிவு செய்துவிட்டார். மினோரு என்னைவிட ஐந்து வயது சின்னவன். கிணற்றடியில் வந்து நின்றான், காது சிவந்து. "அண்ணி, எனக்கு இஷ்டமில்ல. உங்களப் பாத்தாலே பயமா இருக்கு." எனக்கும்தான் என்றேன். இந்த வீட்டில் என்னிடம் உண்மை பேசிய முதல் ஆள்.

மூடி வேர்த்தால் நான் மனைவி. குச்சி நின்றால் மினோருவின் பெண்டாட்டி. நான் என்ன நினைக்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன். இருக்கிறாரா? — தெரியல. சத்தியமாத் தெரியல.

ஜூலை 9

மாமனாருக்குத் தெரியாமல் நானும் மாமியாரும் ரயிலடிக்குப் போனோம். மஞ்சூரியாவில் பிடிபட்டு சைபீரிய முகாம்களில் கிடந்தவர்களைக் கப்பலில் கொண்டுவந்து ரயிலேற்றி அனுப்புகிறார்கள். கென்சாக்குவின் பெயர், படைப்பிரிவு, ஊர், எல்லாம் எழுதிய துணியை ஆளுக்கொரு முனை பிடித்து நின்றோம். அவரை வழியனுப்பியபோது 'வெற்றியோடு திரும்பு' என்று எழுதிப் பிடித்த அதே துணி, இப்போது மறுபக்கம். துணித் தட்டுப்பாட்டுக் காலம், வேறு எங்கே போவது?

"இன்னும் ஒசத்திப் புடிடி, கை என்ன ஒடிஞ்சா போயிரும்?"

ரயில் வந்தது, போனது. ஜன்னல்களில் எல்லா முகமும் ஒரே முகமாக இருந்தது.

ஜூலை 10

கை ஒடியவில்லை. வலி மட்டும்தான்.

ஆகஸ்ட் 3

வாசலில் ஒருவன் வந்து நின்றான். பெயர் முகாய். "ரயில்லேர்ந்து துணியப் பாத்தேங்க. அன்னிக்கு எறங்க தைரியம் வரல." கென்சாக்குவோடு ஒரே முகாமில் இருந்தவனாம்.

மேற்கொண்டு பேசுவதற்குள் மாமியார் உள்ளே போனார். அந்த மூடி போட்ட கிண்ணத்தை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தார். "மொதல்ல சாப்புடுங்க."

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அந்தக் கிண்ணத்தை அவர் ஒரு நாளும் விருந்தாளிக்குக் கொடுத்ததில்லை.

முகாய் ஒரு பருக்கை விடாமல் தின்றான். அதன் பிறகு சொன்னான். முதல் பனிக்காலத்திலேயே. காய்ச்சல். அவனேதான் புதைத்திருக்கிறான். தரை உறைந்து கிடந்ததால் ஆழமாகத் தோண்ட முடியவில்லை என்று நெற்றி தரையில் படக் குனிந்து மன்னிப்புக் கேட்டான். முதல் பனிக்காலம் என்றால் ஒன்றரை வருடம் ஆகிறது. அத்தனை நாளும் மூடி வேர்த்துக்கொண்டுதான் இருந்தது.

மாமியார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பசியோட போனானா?"

"இல்லம்மா. அன்னிக்கு வயிறு நெறையச் சாப்பிட்டாரு."

சைபீரிய முகாமில். வயிறு நிறைய. எதையும் நக்கலடிக்கும் எனக்கு இன்று வாய் வரவில்லை. நல்லா சொன்னப்பா முகாய். நல்லா இரு.

ஆகஸ்ட் 4

களை எடுத்தேன்.

ஆகஸ்ட் 10

"இப்பதான் எல்லாம் தெளிவாயிருச்சே" என்று மாமனார் கல்யாணப் பேச்சை மறுபடி எடுத்தார். துக்கத்தில்கூட வேளாண்மை மறக்காத மனுஷர்.

மாமியார் குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னார். "அவ இன்னும் அழவே இல்ல. மொதல்ல அழ விடுங்க."

"எத்தன நாளைக்கு?"

"எம் மகனுக்கு எவ்வளவு அழணுமோ அவ்வளவு."

நான் அழவில்லை என்பதை அவர் கவனித்திருக்கிறார். எனக்கே தெரியாது.

ஆகஸ்ட் 29

பிறந்த வீடு. மாமியாரே கொண்டுவந்து விட்டார், என் துணிமூட்டையைத் தன் முதுகில் கட்டிக்கொண்டு. அறுப்புக்கு ஆள் யார் என்று மாமனார் கத்தினாராம். "திங்கறவங்க அறுப்பாங்கன்னு சொல்லிட்டேன்" என்றார்.

தேநீர்கூடக் குடிக்கவில்லை. படியிறங்கியவர் திரும்பி, "ஃபுமி, உனக்கு என்ன வயசு?" என்று கேட்டார். மருமகளாய்ப் போய் ஐந்து வருடம் கழித்து.

"இருபத்தாறு, அத்தை."

"அவ்வளவுதானா" என்று சொல்லிவிட்டு நடந்தார். முதுகில் மூட்டை இல்லாமலே குனிந்துதான் போனார்.

தெருமுனை திரும்பும்வரை நின்றேன். உள்ளே வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதேன். அம்மா ஓடிவந்து, என்னடி ஆச்சு, யார் என்ன சொன்னாங்க என்று கேட்டாள்.

"எம் புருஷன் செத்துட்டாரும்மா" என்றேன்.